மெழுகு முதுகு

அந்த வருடம் ஆறு மடத்தின் பக்கம் திரும்பியது. ஐப்பசி வெள்ளம் வடிந்த பிறகும் கரை இடிவது நிற்கவில்லை. நாளுக்கு ஒரு முழம் மண் போயிற்று.

மடத்தின் பழைய தலைவர்கள் ஏழு பேருடைய சமாதிகள் அந்தக் கரையில் இருந்தன. நானூறு, ஐந்நூறு வருடத்துச் சமாதிகள். மதிலுக்கு வெளியே அதே கரையில் ஒரு மேடு. மடத்துப் பல்லக்கைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கியவர்களை அங்கே புதைத்திருந்தார்கள்.

சமாதிகளை உயரமான நிலத்துக்கு மாற்றுவதென்று மடத்தின் தலைவர் வேலப்ப தேசிகர் முடிவு செய்தார். மேற்பார்வைக்குத் தன் சீடர் கொம்பையாவை அனுப்பினார். கொம்பையா குருவைவிட எட்டு வயது மூத்தவர். எலும்பு வைத்தியராக இருந்து, மனைவி இறந்த பிறகு மடத்துக்கு வந்தவர். வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எலும்பைத் தொட்டுப் பழகிய கை மடத்தில் வேறு யாருக்கும் இல்லை.

வெட்டுவதற்கு மாசானம் வந்தார். பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவர். அவருடைய அப்பாவும் தூக்கியவர்தான். இறந்து பன்னிரண்டு வருடமாக அந்த மேட்டில் கிடந்தார்.

மாசானம் காலையில் மடத்துக் குழிகளை வெட்டினார். மதியம் கஞ்சி குடிக்கிற நேரத்தில், கஞ்சியைப் பிறகு குடிக்கலாம் என்று வைத்துவிட்டு, மதிலுக்கு வெளியே போனார். இடிந்த கரையில் நீட்டிக்கொண்டிருந்த தன் ஆட்களின் எலும்புகளைக் கூடையில் சேகரித்து வந்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மடத்துத் தலைவர்களை உட்கார்ந்த நிலையில் புதைப்பது வழக்கம். சதுரக் குழி, சுற்றிலும் கல், உடம்பு மூடும்வரை விபூதியும் உப்பும். சதை போன பிறகு எலும்புகள் சரிந்து அடியில் குவியலாகிவிடும். முதல் இரண்டு குழிகளில் அப்படித்தான் இருந்தது. மாசானம் எடுத்துக் கொடுக்க, கொம்பையா வெள்ளைத் துணியில் அடுக்கினார்.

மூன்றாவது குழியில் மண்டையோடு கீழே கிடந்தது. விலா எலும்புகள் கீழே கிடந்தன. முதுகெலும்பு மட்டும் கல்லில் சாய்ந்து நின்றது. ஒரு முழத்துக்கு மேல், ஒரே தண்டாக.

வேடிக்கை பார்க்கச் சுற்று ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள்.

"சாமி இன்னும் உட்கார்ந்துல்லா இருக்காவ" என்றாள் ஒரு பெண்.

"ஐந்நூறு வருசமாவா?"

"பின்னே. உனக்கு அரை நாழிகை உட்கார்ந்தாலே கால் மரத்துப் போவுது."

"வைத்தியர் சாமி, இது எப்படி?"

கொம்பையா குழிக்குள் இறங்கினார். விரலை அந்தத் தண்டின் மேல் வைத்து, மேலிருந்து கீழே இழுத்தார். எந்த இடத்திலும் இடைவெளி இல்லை. வலப்பக்கம் முழுவதும், உருகிய தேன்மெழுகு வழிந்து உறைந்ததுபோல எலும்பு வழிந்திருந்தது. விரலை எடுத்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தார். குழியைச் சுற்றி அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. ஒன்பது வருடத்தில் மடத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"தவம்" என்றார் கொம்பையா. "அசையாமல் உட்கார்ந்த தவம். முதுகே ஒரு யோகதண்டமாகிவிட்டது."

கைகள் தலைக்கு மேல் குவிந்தன.

குழியின் மூலையில் நின்ற மாசானம் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்தப் பக்கம் எங்க ஆளுக எலும்பும் வருது. எங்களுக்கு ஒண்ணொண்ணாத்தான் வருது. சேர்ந்து நிக்கல. சிலது நசுங்கிப் போயும் கெடக்கு, பணியாரத்தை அமுக்குன மாதிரி. அது ஏன்?"

கூட்டம் கொம்பையாவைப் பார்த்தது.

"நிமிர்ந்து உட்கார்ந்தாத்தானப்பா ஒட்டும்" என்றார் கொம்பையா.

கூட்டம் சிரித்தது. மாசானமும் கொஞ்சம் சிரித்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

மதியம் கொம்பையா மதிலுக்கு வெளியே போனபோது மாசானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கூடை கவிழ்ந்து கிடந்தது.

"இன்னைக்கு எடுக்கலையா?"

"எதுக்கு சாமி. நிமிராத எலும்பு. ஆறே கொண்டு போகட்டும்."

"உங்க அப்பாவும் இங்கதான?"

"ஆமா. அந்தா, அந்தக் கள்ளிக்கு நேரே. இன்னும் ரெண்டு முழம் இருக்கு. நாளை மறுநாள் போயிருவாரு." மாசானம் கஞ்சியில் கிடந்த வெங்காயத்தைக் கடித்தார். "முன்வரிசையில நின்னு தூக்குனவரு. கடைசிக் காலத்துல மண்ணைப் பார்த்தே நடந்தாரு. ஆளு முகத்தைப் பார்க்கணும்னா ஆள்தான் குனியணும். நான் அதை நோவுன்னு நெனச்சிருந்தேன்."

"நோவுதான்" என்று சொல்ல வாயெடுத்தார் கொம்பையா. சொல்லவில்லை. கரையிலிருந்து ஒரு மண்கட்டி பெயர்ந்தது. அதோடு வெள்ளையாக ஏதோ நீரில் விழுந்தது. மாசானம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மடத்தில் பன்னிரண்டு பதார்த்தம். கொம்பையா இலையின் முன் உட்கார்ந்து, எழுந்துவிட்டார்.

தேசிகர் சாப்பிட்டு முடித்து, தன் அறையில் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு. முதுகு சுவரைத் தொடாது. அவர் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

"சுவாமி, தவம் எலும்பில் தெரியுமா?" என்று கேட்டார் கொம்பையா.

தேசிகர் மேல்துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பலகையிலேயே நகர்ந்து, முதுகைச் சீடரின் பக்கம் திருப்பினார்.

"பாரும்" என்றார்.

"சுவாமி?"

"வைத்தியர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி."

கொம்பையா பின்னால் உட்கார்ந்தார். கழுத்தின் அடியிலிருந்து தொடங்கினார்.

"கொஞ்சம் குனிய வேண்டும்."

"குனிந்திருக்கிறேன்."

குனிந்தவர் முதுகில் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே விரல் அமரும்படி இடம் திறக்கும். கொம்பையா ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இறங்கினார். இடுப்புவரை வந்து, மறுபடி மேலேயிருந்து தொடங்கினார்.

"எத்தனை இடம் திறக்கிறது?"

"கழுத்தில் இரண்டு. இடுப்பில் இரண்டு."

"நடுவில்?"

"இல்லை, சுவாமி."

"நான் என்ன தவம் செய்தேன்?"

கொம்பையா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒன்பது வருஷம் கூட இருக்கிறீர். பார்த்ததைச் சொல்லும்."

"நான் எப்படிச் சொல்வது?"

"சரி. என் முதுகு வேண்டாம். நீர் வைத்தியம் பார்த்த காலத்தில் இப்படி ஒரு முதுகு வந்திருக்கிறதா?"

"வந்திருக்கிறது."

"யாருடையது?"

"எண்ணெய் வியாபாரி ஒருவர். மிராசுதார்கள் இரண்டு மூன்று பேர்."

"ஏர் பிடிப்பவர்?"

"இல்லை."

"சுமை தூக்குபவர்?"

"இல்லை, சுவாமி. அவர்களுக்கு வேறு மாதிரி. எலும்பு ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்து நசுங்கும்."

"இதற்கு உங்கள் பக்கத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டுமே."

"மெழுகு முதுகு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொல்வார். நன்றாகச் சாப்பிட்டு, நடக்காமல், வெகுகாலம் இருப்பவர்களுக்கு வருகிறது. வலப்பக்கமாகவே வழியும். இடப்பக்கம் இதயம் அடித்துக்கொண்டிருப்பதால் அங்கே தங்காது என்பார்."

"குழியில் எந்தப் பக்கம் வழிந்திருந்தது?"

"வலப்பக்கம்."

தேசிகர் துண்டைப் போர்த்திக்கொண்டார். திரும்பி உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சன்னிதியில் நான் விழுந்து கும்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது" என்றார். "தலைவர் விழக்கூடாது என்று மடத்தில் ஒரு சம்பிரதாயம் இருப்பதாக ஜனங்கள் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. கிடையாது என்று நானும் சொன்னதில்லை."

கொம்பையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தை மாதம் நாற்பத்தெட்டு ஊர்ப் பொங்கலும் இங்கே வரும். ஒவ்வொன்றிலும் தலைவர் ஒரு பிடி சாப்பிட வேண்டும். ஒரு ஊரை விட்டால் அந்த ஊரில் மழை பெய்யாதாம். பட்டத்துக்கு வந்த வருஷம் இருபதாவது பிடியில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்தி என்றார்கள். இப்போது நாற்பத்தெட்டும் இறங்கிவிடுகிறது. பிறகு மோர் கேட்கிறேன்."

வெளியே யாரோ மூன்றாவது சமாதிக்கு மாலை கொண்டுபோகும் சத்தம் கேட்டது. மேளமும் வந்திருந்தது.

"அந்த வருஷம் என் பல்லக்கை நான்கு பேர் தூக்கினார்கள். ஒருநாள் ஏறும்போது பார்க்கிறேன், எட்டுப் பேர் நிற்கிறார்கள். எப்போது எட்டானார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஏறி உட்கார்ந்துகொண்டேன்."

"சுவாமி, நான்…"

"மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது நீர்தான் எண்ணெய் தேய்த்தீர். அன்றைக்கே உமக்குத் தெரிந்திருக்கும்."

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

"இன்று குழியில்?"



"பயம் இல்லை" என்றார் கொம்பையா. "எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

பிறகு மாசானம் கேட்டதையும், தான் சொன்னதையும், கூட்டம் சிரித்ததையும், கூடை கவிழ்ந்து கிடந்ததையும் சொன்னார். மாசானமும் சிரித்ததை மட்டும் சொல்ல முடியவில்லை.

"அவனிடம் போய் என்ன சொல்வது, சுவாமி?"

"அவர் உம்மிடம் ஒன்று கேட்டாரே. அதற்குப் பதில் தெரியுமா?"

"தெரியும்."



கொம்பையா எழுந்து போனார். மாசானம் நான்காவது குழியின் மேல்கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்றாவது குழியைச் சுற்றி விளக்குகள் வைத்திருந்தார்கள். நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள்.

கொம்பையா மாசானத்தை மதிலோரமாகக் கூப்பிட்டார்.

"உங்க ஆளுக எலும்பை எடுத்துரு. விடக்கூடாது."

"யாரு சொன்னா?"

"தேசிகர் உத்தரவு."

மாசானம் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"உத்தரவுன்னா எடுத்திருதேன். எங்க கொண்டு வைக்க?"

கொம்பையா அதை யோசித்திருக்கவில்லை.

"அந்தப் புது எடத்துல, சாமிமாரு பக்கத்துலயா?" என்றார் மாசானம். "ஒட்டாத எலும்பை ஒட்டுன எலும்பு பக்கத்துல வச்சா, சாமிமாருக்கு ஒண்ணும் ஆயிராதே?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கேலியா, உண்மையாகவே கேட்கிறாரா என்று கொம்பையாவுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தார்.

தேசிகர் அதே பலகையில் இருந்தார்.

"சொன்னீரா?"

"எடுக்கச் சொல்லிவிட்டேன்."

"எப்படிச் சொன்னீர்?"

"தங்கள் உத்தரவு என்று."

"நான் உத்தரவு போடவில்லையே."

"எலும்பு ஆற்றோடு போய்விடுமே என்றுதான்…"

"என் உத்தரவு என்றால் அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். உமக்கு அது வசதி." தேசிகர் மெல்லத்தான் சொன்னார். "இப்போது அவர் தன் அப்பாவை மடத்து வேலையாக எடுத்து வைப்பார். அதையும் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம்."

கொம்பையா நின்றுகொண்டே இருந்தார். காது சுட்டது. அறுபத்து மூன்று வயதில், பள்ளிக்கூடத்தில் நிற்கவைத்த பையனைப்போல நிற்கிறோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை நான்காவது குழியில் மாசானம் உப்பை அள்ளிக்கொண்டிருந்தார். மேலே கூட்டம் நின்றது. இதிலும் முதுகெலும்பு நிற்குமா என்று பார்க்க இன்னும் அதிகம் பேர் வந்திருந்தார்கள். மேட்டு எலும்பில் மாசானம் இன்னும் கைவைத்திருக்கவில்லை. எங்கே வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கள்ளிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு முழம்தான் மீதி.

கொம்பையா குழியின் விளிம்புக்கு வந்தார். இருமிக்கொண்டார்.

"மாசானம். நேத்து நீ ஒண்ணு கேட்ட."

மாசானம் தலை நிமிர்ந்தார். கூட்டமும் திரும்பியது.

"நான் சொன்னது பொய். அந்த முதுகு தவத்துல ஒட்டினது இல்ல. நல்லாச் சாப்பிட்டு, நடக்காம, பல்லக்குல போனா இப்படி ஒட்டும். தேசிகருக்கும் ஒட்டியிருக்கு. நான் தொட்டுப் பார்த்தேன்."

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"உங்க அப்பா முதுகு நசுங்கினது பல்லக்கால. அது மேல இருந்தவங்க கனத்தால. நீ நெனச்சதுதான் சரி. அது நோவு. உங்க ஆளுக முதுகெல்லாம் அப்படித்தான் நசுங்கியிருக்கும்."

"வைத்தியருக்கு வெயில் ஏறிட்டு" என்றார் ஒருவர். "மோர் குடுங்கப்பா."

"தலைவர் பட்டம் தனக்கு வரலைன்னு பேசுதாரு" என்றாள் நேற்றைய பெண். சொல்லிவிட்டு, கையிலிருந்த கர்ப்பூரத்தை மூன்றாவது குழியின் முன் ஏற்றினாள். கொஞ்சம் பேர் அவளோடு போனார்கள். கொஞ்சம் பேர் கொம்பையாவின் முகத்தையே பார்த்தபடி நின்றார்கள்.

மாசானம் குழிக்குள்ளேயே நின்றார். கையில் உப்பு இருந்தது. அதை மெதுவாக உதிர்த்தார்.

"சாமிக்கு இது எப்பத் தெரியும்?"

"முன்னாலேயே தெரியும்."

"நேத்து நான் கேட்டப்பவே?"

"ஆமா."

"தெரிஞ்சேவா அப்படிச் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

மாசானம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டுவார் என்று கொம்பையா காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். மாசானம் கல்லில் கால் வைத்து மேலேறினார். மதிலோரம் கிடந்த கூடையை எடுத்து உதறினார். கொம்பையாவைக் கடந்து போனார்.

கொம்பையா மடத்துக்கு வந்தார். வாசலில் கால் கழுவினார். தேசிகரின் அறைக்குப் போய் நின்றார்.

"சொல்லிவிட்டேன், சுவாமி."

"எல்லோர் முன்னாலுமா?"

"ஆம். தங்கள் முதுகைப் பற்றியும்."

"நல்லது. ஜனங்கள்?"

"கர்ப்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்."

தேசிகர் தலையசைத்தார்.

"மாசானம்?"

"தெரிந்தேதான் சொன்னீர்களா என்று கேட்டார்."

"நீர்?"

"ஆம் என்றேன்."

"அதற்கு என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. என்னை மன்னிப்பாரா என்று தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்."

"எந்தப் பக்கம்?"

"ஆற்றங்கரைக்கு. மேட்டுப் பக்கம்."

"தனியாகவா?"

"ஆம், சுவாமி."

தேசிகர் சீடரை ஏறிட்டுப் பார்த்தார்.

"பிறகு இங்கே எதற்கு வந்தீர்?"